அண்ணாச்சியின் முழங்கால்

முழங்கால் ஒரு கீல் மூட்டு. கதவைப் போல ஒரே திசையில் மடங்கி நீளும். பாளையங்கோட்டையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியனாக இருபத்தாறு வருடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் வகுப்பறைக் கதவை இரண்டு தடவை திறந்து மூடியும் காட்டியிருக்கிறேன். அப்படியே எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த மதிப்பெண்களையெல்லாம் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வழியுண்டா என்று தெரியவில்லை. உண்டென்றால் முதலில் என்னிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

கதவு தன் கீலில் நின்ற இடத்திலேயே திரும்பும். முழங்கால் அப்படிச் செய்வதில்லை. தொடை எலும்பின் அடியில் இருக்கும் இரண்டு குமிழ்களும் கீழ்க்கால் எலும்பின் தட்டையான மேல்பரப்பில் உருண்டுகொண்டே வழுக்கும். கால் நிமிர்ந்து நேராகும் கடைசிக் கணத்தில் ஒரு சின்னத் திருகல் திருகிப் பூட்டிக்கொள்ளும். ரேஷன் கடை வரிசையில் நாம் ஒருமணி நேரம் மடங்கி விழாமல் நிற்பது அந்தத் திருகலின் தயவு. போகட்டும், திருகலைக்கூட மன்னித்துவிடலாம். கீல் என்று சொல்லிக்கொடுத்த இந்த மூளைக்கு ஒரு சின்னக் கேள்வி ஏன் தோன்றவில்லை? எந்த ஊரில் கதவின் கீல்மேல் வீட்டையே தூக்கி வைக்கிறார்கள்?

எனக்கு இந்தக் கோபம் என் முழங்காலால் வரவில்லை. இன்னொருவர் முழங்காலால் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் என் தோளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்னை ஏதோ நியாயவான் என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு ஐம்பத்து மூன்று முடிந்த சமயம். ஒரு காலையில் சட்டையின் வலது கைக்குள் கையை விட்டேன். கை பாதிவழியில் நின்றுவிட்டது. தோள் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். தோளைப் பந்துக் கிண்ண மூட்டு என்போம். கிண்ணம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது டீக்கடைச் சாஸர் அளவுக்குத்தான் குழிந்திருக்கும். அதன்மேல் ஒரு பந்து. அந்தப் பந்து விழாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு சவ்வுப் பை. அந்தப் பை எனக்குச் சுருங்கி இறுகிவிட்டது. சுருங்குவதற்கு என் உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, அது இதைத் தேர்ந்தெடுத்தது. சுவரில் விரல்களை வைத்து, பல்லி மாதிரி பையப் பைய மேலே ஏற்ற வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட பயிற்சி.

அந்தத் தோளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். கரும்பலகையில் எழுத வேண்டாம் என்று என் வகுப்புக்குப் படம் காட்டும் கருவி வந்தது. மெத்தை வைத்த நாற்காலி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, என் வகுப்புகள் எல்லாவற்றையும் இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். தோள் வலிக்கு! மாடிப்படியைத் தோளால் ஏறுவது பல்லி மட்டும்தான். நான் அப்போது பல்லிப் பயிற்சியில்தான் இருந்தேன் என்றாலும், வீட்டுக்கும் பள்ளிக்கும் கால்களால்தான் நடந்துகொண்டிருந்தேன். "தலைமையாசிரியர் தங்கமான மனுசன்" என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி, "உங்களுக்குக் கையிலதான வலி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தினேன்.

இனி அண்ணாச்சி. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒரு இரும்புத் தாங்கியில் தொங்கும் எலும்புக்கூட்டுக்குப் பெயர் அது. பிளாஸ்டிக் இல்லை, நிஜ எலும்பு. எந்தக் காலத்தில், எங்கிருந்து, யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் அங்கே மாணவனாக இருந்தபோதே அதற்கு அந்தப் பெயர்தான். முதல்முறையாக ஆய்வகத்துக்குள் வரும் பையன்கள், "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று அதன் கையைக் குலுக்குவார்கள். நானும் குலுக்கியிருக்கிறேன். பிறகு ஆசிரியனாகி, அதன் இடுப்பைப் பிரம்பால் தொட்டு, "ஆணின் இடுப்பெலும்பு குறுகலானது, கவனியுங்கள்" என்று சொல்லியும் இருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. சொன்னவன் உட்பட.

ஆய்வகத்தையும் மற்ற எல்லா அறைகளையும் சுத்தம் செய்பவரை எல்லோரும் 'ஆயா' என்று கூப்பிடுவோம். ஒப்பந்த வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவர். அவரை நான் ஆயா என்று கூப்பிடுவேன்; அவர் என்னை சார் என்பார். இதில் இருக்கும் அநியாயம் எனக்குப் பதினான்கு வருடம் உறைக்கவில்லை.

அவர் செய்யும் வேலை இது: வாரியலால் பெருக்க வேண்டும். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, ஈரத்துணியால் தரையை ஓடு ஓடாகத் துடைத்து, வாத்து மாதிரி பின்னால் நகர வேண்டும். மாடியில் குழாய் கிடையாது. கீழே பிடித்த வாளித் தண்ணீரோடு இரண்டு மாடி ஏற வேண்டும்; அழுக்கான தண்ணீரோடு இறங்க வேண்டும். புதுக் கட்டடத்தில் மாடி வந்ததிலிருந்து அவருடைய முழங்கால்கள் காற்று அடைத்த பை மாதிரி வீங்கத் தொடங்கின.

ஒருநாள் அவர் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நானும் அங்கே, மெத்தை நாற்காலிக்கு நன்றி சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, ரெண்டே ரெண்டு கேக்கேன். நீளக்கம்பு போட்ட மாப்பு ஒண்ணு. மாடியில ஒரு தண்ணிக் குழா. முட்டு ரெண்டும் வேலை செய்ய மாட்டேங்கு."

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. இதை எழுதுவது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் எழுத வசதி. அவர் நிதானமாகவே சொன்னார்: "மாப்பு போட்டா அழுக்கு போவாது ஆயா, எடம்தான் மாறும். குத்தவச்சுத் துடைச்சாத்தான் தரை தரையா இருக்கும். என்ன வே சயன்ஸ் சார், நான் சொல்லுதது?"

நான் தலையை ஆட்டினேன். இதை மறைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டிலும் மாப்பு உண்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிறது. 'அது மேலோட்டமாத்தான் துடைக்கும்' என்று மனைவியிடம் சொல்லி அதை அங்கே நிற்க வைத்தவன் நான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குத்தவைத்து எழுந்தால்தான் தரை சுத்தமாகும் என்று ஒரு நம்பிக்கை. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ஒருவர்கூட இதில் தேர்வில் தோற்றதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றார் தலைமையாசிரியர்.

"போனேன். எந்திரிச்சுகூடப் பாக்கல. சேர்ல இருந்தே, வயசாயிட்டுல்லான்னு மாத்திரை எழுதிட்டாரு."

சீட்டை வாங்கிப் பார்த்தார். "மாடி ஏறக்கூடாதுன்னு இதுல ஒரு வார்த்தை இல்லையே. முடியலன்னா இப்பமே சொல்லிரு. மாசம் முடியட்டும், காண்டிராக்டுக்காரங்க வேற ஆளு அனுப்புவாங்க."

ஆயா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. அதற்குள் மாப்பும் குழாயும் வராவிட்டால் வேலை போகும். வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் முழங்கால் போகும். கணக்கு அவ்வளவு எளிது. நான் என் தோளைத் தடவிக்கொண்டு தரைத்தள வகுப்புக்குப் போனேன்.

மறுநாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆய்வகச் சுவரில் பல்லியாகிக்கொண்டிருந்தேன். ஆயா கீழே தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிய சார்?"

"ஜன்னல் கம்பி வரைக்கும்."

"போன வாரமும் அங்கனதான நின்னிய?"

விரல்களை இறக்கினேன். அவர் எழுந்திருக்க எலும்புக்கூட்டின் இரும்புத் தாங்கியைப் பிடித்தார். ஒரு கையால் கம்பி, ஒரு கையால் தன் தொடை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உந்தல். எலும்புகள் கலகலவென்று ஆடின.

"சார், ஒண்ணு கேக்கட்டா? அண்ணாச்சி உசிரோட இருக்கயில என்ன வேலை பாத்தாரு?"

"எலும்புக்கூட்டுக்கு என்ன வேலை?"

"பொறக்கும்போதே எலும்புக்கூடாவா பொறந்தாரு? இங்கன வாங்க. வருசத்துக்கு நாலு தரம் இவரு முட்டு கழண்டு விழும். நான்தான் நூலு போட்டுக் கட்டுதேன். ஒரு நாளும் நீங்க கேக்கலியே, யாரு கட்டுதான்னு. இந்த எடத்தத் தொட்டுப் பாருங்க. மத்த எலும்பெல்லாம் சொரசொரன்னு இருக்கு. இங்கன மட்டும் ஏன் வழுவழுன்னு கெடக்கு?"

நைலான் நூலைத் தளர்த்தி முழங்காலைப் பிரித்துக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். கழுவிவைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் பளபளத்தது. அந்தப் பளபளப்பின் நடுவே, நகத்தால் கீறியதுபோல இணையாக மூன்று நான்கு கோடுகள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு வெட்கம் வந்திருக்காது. மூட்டில் எலும்பு எலும்பைத் தொடாமல் நடுவே குருத்தெலும்பு மெத்தை போட்டிருக்கும். வழுக்குவதற்குத் திரவமும் இருக்கும். அந்த மெத்தை முழுக்கத் தேய்ந்துபோன பிறகும் ஒருவர் விடாமல் வேலை செய்துகொண்டே இருந்தால், எலும்பை எலும்பு இழைக்கும். இழைத்து இழைத்துத் தந்தம் போல மெருகேறிவிடும். அந்த மெருகு ஒருநாள் இரண்டுநாள் வலியில் வருவதில்லை. வருடக்கணக்கில், ஒவ்வொரு அடியும் வலித்து, வலித்த பிறகும் நடந்து வருவது.

"குத்தவச்சுக் குத்தவச்சுத்தான் இவருக்கும் போயிருக்கு, என்னா?" என்றார் அவர்.

கணுக்காலைப் பார்த்தேன். கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பில், புத்தகப் படத்தில் இல்லாத ஒரு சின்ன வழவழப்பான வெட்டு. காலம் முழுக்கக் குத்தவைத்து உட்காருகிறவர்களுக்கு, பாதத்து எலும்பு வந்து இடிக்கும் இடத்தில் விழும் தழும்பு அது. நாற்காலிக்காரர்களுக்கு விழாது. என்னுடையதில் நிச்சயமாக இருக்காது.

"ஆமா. குத்தவச்சுத்தான்" என்றேன்.

அப்போது நான் தரையில் மண்டியிட்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அண்ணாச்சியின் இடுப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. இடுப்பெலும்புகள் இரண்டும் முன்னால் கூடும் இடத்துக்குக் கீழே ஒரு கவட்டை உண்டு. சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்தால் வருகிற அளவு குறுகலாக இருந்தால் ஆண். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்தால் வருகிற அளவு அகலமாக இருந்தால் பெண். பிள்ளைகளுக்கு நானே விரலை விரித்து விரித்துக் காட்டுவேன். இப்போது விரலை எலும்பில் வைத்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கச்சிதமாகப் பொருந்தின.

"ஆயா, இது அண்ணாச்சி இல்ல."

"பின்ன?"

"பொம்பள."

அவர் எலும்புக்கூட்டை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என்னை அதே மாதிரி பார்த்தார்.

"இத்தன வருசமா ஒரு பொம்பளையவா சார் அண்ணாச்சின்னுட்டு கெடந்திய? நீங்க படிச்ச ஆளுல்லா? சரி, என் பேரு என்னன்னு சொல்லுங்க."

உடம்பின் இருநூற்று ஆறு எலும்புகளின் பெயரும் எனக்குத் தெரியும். காதுக்குள் இருக்கும் அரிசி மணி அளவு எலும்பின் பெயர்கூடத் தெரியும். அவர் பெயர் தெரியவில்லை. அன்று தெரிந்துகொண்டேன். இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் அந்தக் கவலையில் இருந்தார். முழங்காலைப் பிரித்துக் காட்டினேன். மெருகைக் காட்டினேன். கணுக்கால் தழும்பைக் காட்டினேன். இடுப்பில் விரலை விரித்துக் காட்டினேன். "ஒரு உழைப்பாளிப் பெண். வலியோடேயே வாழ்ந்து செத்திருக்கிறாள். செத்த பிறகும் நாம் அவளை நிற்க வைத்திருக்கிறோம். இன்னொருத்தரையும் நாமே இப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறோம். அந்த மாப்பையும் குழாயையும் கொடுத்துவிடுங்கள்" என்று மேடைப்பேச்சு மாதிரி முடித்தேன். குரல்கூட நடுங்கியது. எனக்கே பிடித்திருந்தது.

அவர் முகம் வெளிறிவிட்டது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பைய பேசும் வே. பொம்பளையா? நெசமாவா?"

"நெசம்தான்."

"பொம்பளப் பிள்ளைய படிக்குத எடத்துல, ஒரு பொம்பளைய இப்படியா ஒட்டுத்துணி இல்லாம நிக்க வைக்கது? ஆபிசர் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"சார், அது எலும்பு."

"எலும்புன்னாலும் பொம்பளதான வே!"

 "ஆயாவோட முழங்கால்..." என்று ஆரம்பித்தேன்.

"அவ முட்டுக்கு என்ன? போன தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போயிட்டு வந்தவ. அவ்வளவு தூரம் நடக்கவளுக்கு நாப்பது படி ஏற முடியாதாக்கும்?"

சமதரையில் நடக்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். படியேறும்போது அதைவிட அதிகம் மடங்கி, உடம்பின் பாரத்தைப் போலப் பல மடங்கு அதன்மேல் இறங்கும். குத்தவைக்கும்போது தொடை கெண்டைக்காலைத் தொடும் மட்டும் மடங்கி, முழங்கால் சில்லு குழிக்குள் அழுந்தும் என்று விளக்கினேன். ஒரு மூட்டு ஒரு வேலைக்கு ஒத்துழைக்கும், இன்னொரு வேலைக்கு அழும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே துணைப் பணியாளரைக் கூப்பிட்டு, ஒரு சேலைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

இந்தத் திருச்செந்தூர் வாதத்தைப் பிறகு ஆயாவிடம் சொன்னபோது, "முருகன் தரையில இருக்காரு சார். மாடியில இருந்திருந்தா நானும் போயிருக்க மாட்டேன்" என்றார்.

பதினோரு மணிக்கு அண்ணாச்சிக்குச் சேலை கட்டப்பட்டது. பச்சையில் சின்னச் சின்னப் பூப்போட்ட வாயில் சேலை. மடிப்பு வைத்து, தோள் எலும்பில் ஊக்குக் குத்தி, தலையில் முக்காடும் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எலும்பைப் பார்த்து எலும்பைப் படிக்க வைத்திருந்த ஒரே பொருளில் இனி மிச்சம் தெரிந்தது முகமும் இரண்டு உள்ளங்கையும்தான். அந்தச் சேலை யாருடையது என்று கேட்டேன். தலைமையாசிரியர் வேறு யாரிடமும் கேட்கவில்லையாம். ஆயாவிடம் கேட்டிருக்கிறார். அதை எடுத்துவர, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் வீட்டுக்கே அவரை நடந்து போய்வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி, எப்போதோ செத்துப் போனவள். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற ஒரு மணி நேரத்தில் சேலை வருகிறது. உயிரோடு எதிரே நிற்பவளின் முழங்காலுக்கு ஒரு கம்பும் துணியும் வர வழியில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சத்தம் போட்டுச் சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர், "நீங்க நல்லாப் பேசுதிய சார்" என்றார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியின் அடியில் வாளியோடு நின்றவரிடம் என் பிரதாபத்தைச் சொன்னேன். தலைமையாசிரியரிடம் என்னவெல்லாம் பேசினேன், எத்தனை தடவை பேசினேன் என்று.

"வாயால சொன்னா அவுருக்கு வெளங்காது சார்" என்றார் அவர். "நீங்க குத்தவச்சுக் காட்டுங்க."

"நானா?"

"உங்க வலிதான அவுருக்குக் கண்ணுல தெரியும்? கைவலிக்கே மாடிய எறக்கிக் கொடுத்தாரே. முட்டும் வலிக்கட்டும், பாப்போம். இந்தா துணி."

சிரித்துக்கொண்டேதான் நீட்டினார். துணி கையில் ஈரமாக இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை. அதிகாரி நடந்து வரும் பாதையைச் சரிபார்க்கத் தலைமையாசிரியர் இரண்டாம் மாடிக்கு வருவார் என்று தெரிந்து, அவருக்கு ஐந்து நிமிடம் முன்னால் நான் வாளியோடு மேலே பெரிய கூடத்துக்குப் போனேன். ஆயா கதவோரம் நின்றார்.

குத்தவைப்பது என்பது எத்தனை மூட்டுகளின் சம்மதம் என்பதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். கணுக்கால் முன்னால் மடங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கமாக விழுவோம். முழங்கால் கடைசி வரை மடங்க வேண்டும். இடுப்பு மடங்க வேண்டும். முதுகெலும்பு வளைந்து எடையை முன்னால் கொண்டுவர வேண்டும். நான் உட்கார்ந்தேன். கணுக்கால் சம்மதிக்கவில்லை, குதிகால் மேலே எழுந்துகொண்டது. கால்விரல்களின் மேல் முழு ஆசிரியனும் நின்றான். இடது கையால் முதல் ஓட்டைத் துடைத்தேன். இரண்டாவதை. வாத்து மாதிரி பின்னால் நகர்ந்தேன். மூன்றாவது ஓட்டில் தொடை நடுங்கியது. நான்காவதில் இரண்டு முழங்காலும் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு பூட்டிக்கொண்டன. எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நான் அசையாமல் இருப்பதைப் பத்தாம் வகுப்பு முதலில் பார்த்தது.

"ஏலே, ஓடியாங்கலே! சயன்ஸ் சாரு குத்தவச்சிட்டாரு!"

"என்ன சார், எதுவும் தொலைஞ்சு போச்சா?"

"எந்திரிக்க முடியலலே அவருக்கு!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பாடம் ஒப்பிக்கும் ராகத்திலேயே வந்தது: "சார், முழங்கால் ஒரு கீல் மூட்டு சார்! கதவைப் போல மடங்கி நீளும் சார்! நீட்டுங்க சார்!"

அந்தப் பையனுக்கு அந்த வருடம் நூற்றுக்கு நூறு கொடுத்திருக்க வேண்டும். எண்பத்தாறுதான் வாங்கினான்.

தலைமையாசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, என்ன வே இது கோலம்! எந்திரியும், எந்திரியும்!" என்று பதறி, உதவுகிற வேகத்தில் என் கையைப் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுத்தார். வலது கையை.

நான் போட்ட சத்தம் வண்ணார்பேட்டை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஆறு மாதமாக ஜன்னல் கம்பியைத் தாண்டாத கை, அந்த ஒரு கணத்தில் தலைக்குமேல் போய்விட்டு வந்தது. அப்படி இழுப்பது வைத்தியம் இல்லை. யாரும் முயன்று பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

மெத்தை நாற்காலி மாடிக்கே வந்தது. மோர் வந்தது. தலைமையாசிரியர் என் முழங்காலைத் தானே குனிந்து பிடித்துவிட்டார். "உமக்கு என்ன தலையெழுத்து வே இதெல்லாம் செய்ய?"

"இதைத்தான் ஆயா தினமும் பதினாறு அறைக்குச் செய்யுதாங்க. நான் நாலு ஓடுகூட முடிக்கல."

அவர் தரையைப் பார்த்தார். ஈரமாக நான்கு ஓடுகள். மிச்சம் அந்தப் பெரிய கூடம் முழுக்கக் காய்ந்த தரை. கதவோரம் நின்றவரைப் பார்த்தார்.  பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் நீளக்கம்பு போட்ட மாப்புகள் இரண்டு வந்தன. ஒன்று போதும், இரண்டு வந்தன.

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா வே?" என்றார் என்னிடம்.

முன்னாலேயே! பதினான்கு வருடமாக ஒரு பெண் இந்தப் பள்ளிக்கூடத்துத் தரைமேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். முழங்கால் வலியைத் தன் வாயால், இதே மனிதரிடம் சொல்லியிருக்கிறார். அது அவர் காதில் ஏறவில்லை. நான் அரை நிமிடம் உட்கார்ந்து கத்தியது ஏறிவிட்டது. கோபத்தில் என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் மோர் நன்றாக இருந்தது; அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். தலையாட்டிய நாளில் என் முழங்காலுக்கு என்ன கேடு வந்திருந்தது?

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அலுவலகத்தில் டீ குடித்துவிட்டு அப்படியே போய்விட்டார். ஆய்வகம் இருக்கும் திசையைக்கூடக் கேட்கவில்லை. அன்று மாலையே ஆயா ஊக்கைக் கழற்றிச் சேலையை உருவிக்கொண்டார். "இது நல்ல சேலை சார், நான் இன்னும் உடுத்தணும். இவளுக்கு இனி என்னத்த மறைக்க?" என்றார். முழங்காலை மறுபடி நூல் போட்டுக் கட்டினோம். இந்தத் தடவை முடிச்சை நான் போட்டேன். அவிழ்ந்துவிட்டது, அவர் போட்டார்.

ஆனால் குழாய் வரவில்லை. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. தரை துடைக்க மாப்பு உண்டு. தண்ணீருக்கு இன்னும் இரண்டு மாடி. திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கேட்டேன். "மாப்பு வாங்கிக் கொடுத்தாச்சுல்லா வே? ஒவ்வொண்ணாப் பாப்போம்" என்றார்.

திரும்பி வந்தபோது மாடிப்படியின் அடியில் அவர் நிறைந்த வாளியோடு நின்றிருந்தார். கைப்பிடியில் ஒரு கை. என்னைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். 

வாளியை இடது கையில் வாங்கிக்கொண்டேன். வலது கை தொட்டிலில் இருந்தது. படியில் காலை வைத்து எக்கும்போது முன்தொடை இறுகி, முழங்கால் சில்லு மேலே இழுபட்டு, உள்ளே மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதுவரை எனக்குக் கேட்டிராத சத்தம், எனக்கும் தொடங்கிவிட்டது. ஒரு படி. இரண்டு. தண்ணீர் அலம்பி வேட்டியில் விழுந்தது. ஏழாவது படியில் நின்று, கொஞ்சம் தாராளமாகவே முனகினேன்.

மேலே தலைமையாசிரியர் அறைக் கதவு திறந்தது.

"சயன்ஸ் சார்! என்ன வே, மறுபடியுமா! வேண்டாம், எறங்கும்! நாளைக்கே குழாய்க்காரன வரச் சொல்லுதேன், எறங்கும் வே!"

நான் இறங்கத் திரும்பினேன். கீழேயிருந்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இன்னும் ரெண்டு படி ஏறுங்க சார். தொட்டியும் சேத்து வச்சிருவாரு."